நின்றுபோன எடையும் இஞ்ச் டேப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் டாக்டர் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் 22 வருடமாக பிளவுஸ் தைக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கு இரைப்பையில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. பைபாஸ் என்றதும் எங்கள் தெருவில் எல்லாரும் நெஞ்சு ஆபரேஷன் என்று நினைத்து, ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்துவிட்டார்கள். நானோ அப்போது தண்ணீரையே ஸ்பூனில் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷனைப் பற்றி டாக்டர்கள் நன்றாகவே சொல்வார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் எடை இறங்காமல் அப்படியே நின்றுவிடும். அன்றைக்கு என்ன செய்வது என்பதைத்தான் பேசலாம் என்று வந்தேன். எனக்கு அது இரண்டு தடவை நடந்தது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருந்தாலும் காரணம் வேறு வேறு. அது புரியாமல் முதல் தடவை ஒரு முட்டாள்தனம் செய்தேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் என் எடை 118 கிலோ, உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். சர்க்கரை இருந்தது. மெஷின் பெடலை மிதித்து மிதித்து முழங்காலும் போயிருந்தது. இந்த ஆபரேஷனில் இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு முட்டை அளவுக்கு, சுமார் 30 மில்லி பிடிக்கிற சின்னப் பை மட்டும் ஒதுக்கி, சிறுகுடலை வெட்டி அதோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், சாப்பாடு மட்டும் அந்தப் பக்கம் போகாது. சிறுகுடலின் ஆரம்பப் பகுதிக்கும் போகாது. பசியைத் தூண்டுகிற, வயிறு நிறைந்ததைச் சொல்கிற ஹார்மோன்களும் மாறுகின்றன. எனக்கு எடை குறைவதற்கு முன்பே சர்க்கரை மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள்.

முதல் மூன்று வாரத்தில் 11 கிலோ போனது. தினமும் காலையில் எடை மெஷினில் ஏறுவேன். சின்ன வயதில் ரயில்வே ஸ்டேஷனில் கலர் பல்பு எரிகிற எடை மெஷினில் காசு போட்டால் ஒரு அட்டை வருமே, ஒரு பக்கம் எடை, இன்னொரு பக்கம் ஜோசியம். அதற்குக் காத்திருந்த மாதிரியே இதற்கும் காத்திருந்தேன். 22ஆம் நாள் 107. அடுத்த நாள் 107. ஒரு வாரம் கழித்தும் 107. அப்படியே 17 நாள்.

கடைக்கு வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "இன்னாக்கா, வயித்த அறுத்துக்கினு வந்தும் அப்படியே கீறியே?" என்றாள் ஒருத்தி. அவளுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, எங்கள் பக்கத்தில் விசாரிப்பதே அப்படித்தான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. சாப்பிடுவதே கொஞ்சம், அதையும் பாதியாக்கினேன். காலையில் அரை டம்ளர் கஞ்சி, ராத்திரி அரை டம்ளர் கஞ்சி, அவ்வளவுதான். நான்காம் நாள் கொக்கி வைத்துக்கொண்டிருந்தவள் கண் இருட்டி தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டேன்.

டயட்டீஷியன் என்னைவிட 20 வயது சின்னவர். என்ன திட்டு திட்டினார் தெரியுமா! "உங்களை யாரும்மா குறைக்கச் சொன்னது? பட்டினி கிடந்தா கொழுப்பு மட்டுமா போகும், சதையும் சேர்ந்து போகும். சதை போச்சுன்னா உடம்பு எரிக்கிறதும் குறைஞ்சிடும். அப்புறம் எடை எப்படி இறங்கும்?" ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். நான் குடித்த கஞ்சியில் அது பத்து கிராம்கூட வராது.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் எடை ஏன் நிற்கிறது என்பதையும் அவர்தான் விளக்கினார். நம் கல்லீரலிலும் தசையிலும் கொஞ்சம் சர்க்கரைச் சேமிப்பு உண்டு. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு திடீரென்று குறைந்ததும் முதலில் அந்தச் சேமிப்பு கரையும், தண்ணீரும் கூடவே போகும். ஆரம்பத்தில் மளமளவென்று இறங்குவதில் ஒரு பெரிய பங்கு அந்தத் தண்ணீர்தான். பிறகு உடம்பு தண்ணீரைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும்போது கொழுப்பு கரைந்துகொண்டே இருந்தாலும் மெஷினில் தெரியாது. ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறதாம். தினமும் 500 கலோரி பற்றாக்குறை விழுந்தால் ஒரு கிலோ கரைய 15 நாள் ஆகும். ஒரு நாள் ராத்திரி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் அந்த உப்பு இழுத்து வைக்கிற தண்ணீரே மறுநாள் காலையில் ஒரு கிலோ காட்டிவிடும். 15 நாள் உழைப்பை ஒரு கருவாடு மறைத்துவிடுகிறது பாருங்கள். பெண்களுக்கு மாதவிலக்கு நேரத்திலும் இதே கதைதான்.

எனக்கு நம்பிக்கை வந்தது அவர் சொன்னதால் மட்டும் இல்லை. ஆபரேஷனுக்கு முதல் நாள், தொழில் பழக்கத்தில், கடை அளவு நோட்டில் என் பெயரையும் எழுதி அளவு குறித்து வைத்திருந்தேன். மார்பு, இடுப்பு, கைச்சுற்று எல்லாம். எடை நின்றதும் ஒரு தடவை எடுத்தேன், 17 நாள் முடிந்ததும் இன்னொரு தடவை எடுத்தேன். கிலோவில் மாற்றமே இல்லை, இடுப்பில் ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தது. போட்டிருந்த பிளவுஸை இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தைத்தேன். அந்த வாரக் கடைசியில் மெஷினும் இறங்கியது, ஒரே மூச்சில் இரண்டு கிலோ.

இரண்டாவது தடவை நின்றது பதினோராவது மாதத்தில், 81 கிலோவில். ஏழு வாரம். இந்த முறை டேப்பும் நகரவில்லை.

இதில் கொஞ்சம் உடம்பின் நியாயமும் இருக்கிறது. பத்துப் பேரை ஏற்றிய ஷேர் ஆட்டோ குடிக்கிற எண்ணெயை ஆறு பேரை ஏற்றிய ஆட்டோ குடிக்காது. 118 கிலோவைச் சுமந்து நடந்த உடம்புக்குத் தேவைப்பட்ட கலோரி 81 கிலோவுக்குத் தேவையில்லை. போதாததற்கு, எடை குறைந்த உடம்பு அந்தக் கணக்குக்கும் மேலே கொஞ்சம் சிக்கனம் பிடிக்கும். இந்த ஆபரேஷனில் பெரும்பாலான இறக்கம் முதல் ஒன்று, ஒன்றரை வருடத்துக்குள் வந்துவிடும். அதற்கு மேல் நிற்பது இயற்கை. இரண்டு வருடம் கழித்துச் சில கிலோ திரும்ப ஏறுவதும் பலருக்கு உண்டு.

ஆனால் என் விஷயத்தில் உடம்பு மட்டும் காரணம் இல்லை. ஒரு வாரம் வாயில் போட்டதையெல்லாம் எழுதச் சொன்னார்கள். கூச்சமாக இருந்தாலும் எழுதினேன். டீ நான்கு, ஒவ்வொன்றிலும் சர்க்கரை அரை ஸ்பூன். கஸ்டமரின் குழந்தை நீட்டிய பிஸ்கட். அப்புறம் முறுக்கு. சௌகார்பேட்டைக்கு லைனிங் துணி எடுக்கப் போனால் முறுக்கு சாண்ட்விச் ஒரு தட்டு.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. சின்னப் பையில் ஒரு துண்டு மீனும் காயும் போனால் அடைத்துக்கொண்டு நிற்கும், "போதும்" என்று சொல்லும். முறுக்கும் பிஸ்கட்டும் வாயிலேயே கூழாகி, டீயோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். பை நிறைவதே இல்லை, நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கலாம். அதனால்தான் சாப்பிடும்போதும் சாப்பிட்ட பிறகு அரைமணி நேரமும் எதையும் குடிக்காதே என்கிறார்கள். இனிப்பை ஒரேயடியாகச் சாப்பிட்டால் படபடவென்று வந்து வியர்த்துக் கொட்டும், டம்பிங் என்பார்கள். அது ஒரு காவல்காரன் மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்தால் அந்தக் காவல்காரனுக்குத் தெரியாமலே உள்ளே போய்விடலாம். நான் போய்க்கொண்டிருந்தேன்.

அது ஆடி மாதம் வேறு. எங்கள் பக்கம் ஆடி என்றால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகு நல்லதுதானே என்று சொம்பு சொம்பாக வாங்கினேன். நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கூழைப் போல வழுக்கிக்கொண்டு போவது வேறு எது? அம்மன் கோபிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் இப்போது அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஒரு முட்டை சாப்பிட்டுவிடுவேன்.

சாப்பாட்டில் நான் மாற்றியது ஒன்றே ஒன்று. தட்டில் எது இருந்தாலும் புரதம் முதலில், காய் அடுத்தது, இடம் இருந்தால் சோறு. காசிமேடு பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. 100 கிராம் மீனில் 18, 20 கிராம் புரதம் இருக்கும். வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை, நெத்திலியும் கவளையும் போதும், வறுக்காமல் குழம்பு வைத்தால் சரி. கஷ்டம் வருவது தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் விலை தொட முடியாது. அப்போது ஒரு முட்டைக்கு ஆறு கிராம், 25 கிராம் சோயா உருண்டைக்கு 13 கிராம் என்று கணக்குப் போட்டுச் சமாளிக்கிறேன். பல நாள் தயிரும் கொண்டைக்கடலையும்தான்.

அடுத்தது தசை. நடந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். தசை நிற்க வேண்டுமென்றால் பளுவும் தூக்க வேண்டுமாம். ஜிம்முக்குப் போகிற வயசும் இல்லை, வசதியும் இல்லை. வீடு இரண்டாவது மாடி. அடிபம்பிலிருந்து தண்ணீர்க் குடத்தை மேலே கொண்டுவர ஒரு பையனுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் கேட்டு, முதலில் அரைக்குடம், பிறகு முழுக்குடம் என்று நானே தூக்க ஆரம்பித்தேன். ஆபரேஷன் ஆன முதல் மாதங்களில் இதை யாரும் செய்துவிடாதீர்கள், அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான். பையனுக்கு வருமானம் போச்சு என்று கொஞ்சம் வருத்தம். இப்போது கடையில் ஹெம்மிங் எடுத்துக் கொடுக்கிறான்.

எட்டாவது வாரம் டேப் அரை அங்குலம் நகர்ந்தது. இன்றைக்கு 76 கிலோவில் இருக்கிறேன். ஒரு வருடமாக அங்கேயேதான். எங்கள் டாக்டருக்கு அது போதும், எனக்கும் போதும். கடைக்கு வருகிறவர்களில் சிலருக்குத்தான் இன்னும் போதவில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எடை நின்றுவிட்டதே என்ற வெறுப்பில் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளைச் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். எடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அது ஆயுசுக்கும் போட வேண்டியது. சர்க்கரைக்கும் மனசுக்கும் போடுகிற மருந்துகளில் சில எடையை ஏற்றலாம். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். முழங்கால் வலிக்கிறது என்று மெடிக்கலில் நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், தைத்த இடத்தில் புண் வந்துவிடும். நிற்காத வாந்தி, வயிற்று வலி, முன்பு ஒரு இட்லியில் நிறைந்தவர் இப்போது நான்கு சாப்பிட முடிகிறது என்ற நிலை, இதில் எது இருந்தாலும் ஆபரேஷன் செய்தவரிடமே போய்க் காட்டுங்கள்.

வணக்கம்.