காலிஃபிளவருக்கு இலைக் குடை

நேயர்களுக்கு வணக்கம்.

காலிஃபிளவரில் நாம் பூ என்று சொல்வது உண்மையில் பூக்காத பூ. கிளைத்துக் கிளைத்துப் பூக்க வேண்டிய தண்டு நுனிகள், விரியாமலே நெருக்கியடித்துத் திரண்டு நிற்கின்றன. மேலே தோல் கிடையாது, ஓடும் கிடையாது. அதனால்தான் நேர் வெயில் பட்டால் மஞ்சளடிக்கிறது. சில சமயம் ஊதா சாயலும் ஏறிவிடும். சாப்பிடக் கெடுதல் இல்லை. ஆனால் பார்வை போய்விடும், ருசியும் கொஞ்சம் கடுக்கும்.

சரி, வெயில் படாமல் பூவை அதன் இலையாலேயே எப்போது மூடுவது? இலைகளை விலக்கிப் பாருங்கள். பூ கோழிமுட்டை அளவு, அதாவது 5 முதல் 8 சென்டிமீட்டர் வந்திருந்தால் அதுதான் நேரம். வெளி இலைகளை மேலே கூட்டி நுனியில் சணலால் கட்டலாம். எனக்குப் பிடித்தது இன்னும் சுலபமான வழி. பெரிய இலை ஒன்றைப் பிடித்து நடுநரம்பை மடக்கினால் 'மளுக்'கென்று சத்தம் கேட்கும். அங்கேயே நிறுத்திவிட்டு, அறுந்து போகாமல் பூவின் மேல் கவிழ்த்துவிட வேண்டும். கயிறும் வேண்டாம், முடிச்சும் வேண்டாம். காற்று பலமாக அடிக்கும் இடமென்றால் மட்டும் கட்டுவதே நல்லது.

முதல் வருடம் நான் மழை விட்ட கையோடு போய், ஈர இலைகளை இறுக்கிக் கட்டினேன். ஒரு வாரம் கழித்து அவிழ்த்தால் நாற்றம். பூ முழுக்கப் பழுப்புத் திட்டு, தொட்டால் கொழகொழ. வெயில் பட்டிருந்தால் மஞ்சளாகவாவது மிஞ்சியிருக்கும்! காலைப் பனி உலர்ந்த பிறகு, உள்ளே ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். புழுவுக்கும் அந்த நிழல் பிடிக்கும்.

வெயில் காலத்தில் மூடிய 4, 5 நாளிலேயே பூ தயாராகிவிடும். குளிரில் 10 நாளுக்கு மேலும் ஆகலாம். ஒவ்வொரு நாள் கட்டுக்கும் ஒரு நிறக் கயிறு போட்டால் எது முந்தியது என்று குழம்ப வேண்டாம். ஊதா, ஆரஞ்சு ரகங்களுக்கு இந்த வேலையே இல்லை. வெள்ளையிலும் சில ரகங்கள் தாங்களே இலையை உள்ளே வளைத்து மூடிக்கொள்ளும்.

இலை வெயிலை மறைக்குமே தவிர, சூட்டைக் குறைக்காது. 15 முதல் 20 டிகிரி செல்சியஸ்தான் பூவுக்குச் சுகம். அதற்கு மேல் சூடு ஏறி நீடித்தால், அரிசி தூவியது போல மேலெல்லாம் பொரிப்பொரியாகிவிடும். உறைபனி வரும் இரவுகளில் மேலே துணி போர்த்தி, விடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், இன்னும் பெருக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓரத்தில் பூ இடைவெளி விடத் தொடங்கினால், அன்றைக்கே கத்தியை எடுங்கள்.