'புலி வருது' கதை உங்கள் குழந்தையின் பொய்யை நிறுத்துமா?

வணக்கம். பிள்ளை பொய் சொல்லப் பழகிவிடக் கூடாதே என்ற கவலையில் நீங்கள் எத்தனையோ இரவுகள் சொல்லியிருக்கும் 'புலி வருது' கதை, அந்த ஒரு வேலையை மட்டும் செய்வதில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பாதவர்கள் காணொலியை மூடிவிடாமல் இன்னும் மூன்று நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இந்தக் கதைக்கு உண்மையாகவே ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள்.

குழந்தைகள் மூன்று வயதையொட்டிப் பொய் சொல்லத் தொடங்குவது வளர்ச்சியின் இயல்பான ஒரு பகுதிதான். பின்னணி இவ்வளவு போதும், தேர்வு அறைக்குள் போவோம்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீ, மெகில் பல்கலைக்கழகத்தின் விக்டோரியா தல்வார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இது. மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தையைத் தனியாக உட்காரவைத்து, அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, அது எழுப்பும் ஒலியைக் கொண்டு அது என்ன பொம்மை என்று கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். நடுவில், "திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் ஒரு நிமிடம் வெளியே போய்விடுகிறார். எங்கோ மறைத்து வைத்த கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் பொம்மை இருக்கிறது, அறையில் யாருமில்லை. பெரியவர்களான நமக்கே கழுத்து தானாகத் திரும்பிவிடும், குழந்தைகளைக் குறை சொல்ல முடியாது.

திரும்பி வந்த பெரியவர் முதலில் ஒரு கதை படித்துக் காட்டுகிறார், அதன் பிறகே "எட்டிப் பார்த்தாயா?" என்று கேட்கிறார். சிலருக்கு நம் புலிக் கதையின் மூல வடிவமான ஓநாய்க் கதை, சிலருக்குப் பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மைச் சிறுவன் பினாக்கியோ, சிலருக்குத் தந்தையின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அதை ஒப்புக்கொண்டு பாராட்டுப் பெற்ற சிறுவன், பின்னாளில் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டனின் கதை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பொய்க்கும் மெய்க்கும் தொடர்பில்லாத ஆமை முயல் கதையைக் கேட்டவர்களும் உண்டு. ஓநாயும் நீளும் மூக்கும் ஆமை முயலைவிடக் கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. வாஷிங்டன் கதையைக் கேட்ட குழந்தைகள் மட்டும்தான் உண்மையைக் கூடுதலாக ஒப்புக்கொண்டன. அதே வாஷிங்டன் பொய் சொல்லித் துன்பப்படுவதாகக் கதையைத் திருத்திச் சொன்னபோது அந்தப் பலனும் மறைந்துவிட்டது.

நம் வீடுகளில் இளகிய மனம் கொண்ட பாட்டிமார் ஆடுகளை மட்டும் புலிக்குக் கொடுப்பார்கள். கண்டிப்பான பாட்டிமார் சிறுவனையும் சேர்த்தே கொடுத்துவிடுவார்கள். இரண்டு வகைப் பாட்டியிடமும் குழந்தை கற்றுக்கொள்வது, அகப்பட்டால் ஆபத்து என்பதைத்தான் என்பது என் கருத்து. உண்மையைச் சொன்னவனுக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பற்றிப் புலிக் கதையில் ஒரு வரிகூட இல்லை.

இந்த இடத்தில் என்னால் சிரிப்பை அடக்க முடியாத ஒரு செய்தி: அந்தச் செர்ரி மரக் கதையே பொய். வாஷிங்டன் 1799-இல் இறந்த பிறகு, அவருடைய வாழ்க்கையை எழுதிய வீம்ஸ் என்ற பாதிரியார் 1806-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதைச் சேர்த்தார். அதற்குச் சான்று எதுவும் கிடையாது. வாய்மையை வளர்க்கும் ஒரே கதை கட்டுக்கதையாக அமைந்துவிட்டது.

பொய்க் கதை வேண்டாம் என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே மெய்க் கதை இருக்கிறது. அண்ணனின் ஏறத்தாழ 25 ரூபாய்க் கடனை அடைப்பதற்காக, அந்த அண்ணனின் கைக்காப்பிலிருந்தே கொஞ்சம் தங்கத்தை வெட்டி எடுத்த பதினைந்து வயது மோகன்தாஸ் காந்தி, மனம் பொறுக்காமல் குற்றத்தை ஒரு தாளில் எழுதி, தனக்குத் தண்டனையும் கேட்டு, நோயில் படுத்திருந்த தந்தையின் கையில் கொடுத்தார். தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாள் நனைந்தது. சற்று நேரம் கண்களை மூடியிருந்து, தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். அடியும் இல்லை, வசவும் இல்லை. ஐம்பது வயதைக் கடந்து தன் வரலாற்றை எழுதும்போதும் காந்திக்கு அந்தக் காட்சி அப்படியே நினைவில் இருந்தது. காகிதத்தைக் கிழித்த அந்தக் கை, பிரம்பை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"உண்மையைச் சொல், அடிக்க மாட்டேன்" என்று அழைத்து, சொன்னவுடன் அடிக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த அடியோடு, அடுத்த முறை கேட்கும் உரிமையையும் நாம் இழந்துவிடுகிறோம்.

சென்ற வாரம் என் மகளுக்குப் புலிக் கதையைத் திருத்திச் சொன்னேன். இரண்டாம் முறை ஊராரை ஏமாற்றிய சிறுவன், அன்று மாலையே ஊர் மந்தையில் போய் நின்று தன் பொய்யை ஒப்புக்கொண்டான். ஊர்ப் பெரியவர் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டார். ஆகவே மூன்றாம் முறை உண்மையாகவே புலி வந்தபோது எல்லோரும் கம்போடு ஓடிவந்து அதை விரட்டிவிட்டார்கள் என்று முடித்தேன். நீங்களும் இன்றிரவு சொல்லிப் பாருங்கள், உங்கள் பிள்ளை என்ன கேட்டது என்பதைக் கீழே கருத்துப் பகுதியில் தவறாமல் எழுதுங்கள். என் மகள் கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "அப்படியானால் அன்றைக்குப் புலி எதைச் சாப்பிட்டது, அப்பா?"