அரண்மனை ஓவியக் கூடத்தின் இருவர்

நேயர்களுக்கு வணக்கம். கண்ணால் பார்க்க வேண்டியதைக் காதுக்குச் சொல்ல வந்திருக்கிறேன், பொறுத்தருள வேண்டும். 2008ஆம் ஆண்டு தென்கொரியாவின் எஸ்பிஎஸ் தொலைக்காட்சி 20 பகுதிகளாக ஒளிபரப்பிய ‘காற்றின் ஓவியர்’ என்னும் சரித்திரத் தொடரை, அடியில் ஓடும் வசன வரிகளின் துணையோடு அண்மையில்தான் பார்த்து முடித்தேன். போர்க்களமும் அரண்மனைச் சதியுமாக ஓடும் கொரியச் சரித்திரத் தொடர்களுக்கு நடுவே, ஒருவர் காகிதத்தை விரித்து மை தொட்டுக் கோடு இழுப்பதையே விறுவிறுப்பான காட்சியாக்கிய தொடர் இது.

கதை நடக்கும் காலம் 1776 முதல் 1800 வரை, ஜோசொன் என்று அன்று பெயர்கொண்டிருந்த கொரியாவை ஆண்ட ஜொங்ஜோ மன்னரின் காலம். அரண்மனைக்குத் தேவையான படங்களையெல்லாம் வரைந்து தருவதற்கென்று ‘தோஹ்வாசொ’ என்றோர் அரசு அலுவலகம் அன்று இருந்தது. மன்னர் ஊர்வலம், திருமணம், இறுதிச் சடங்கு என எது நடந்தாலும் யார் எங்கே நின்றார், எந்தக் குதிரை எந்த வரிசையில் போனது என்பதைப் படமாக்கிச் சடங்கு ஏட்டில் சேர்ப்பது அங்கிருந்த ஓவியர்களின் வேலை. ஓவியர் பணியிடங்கள் இருபது என்று சட்டநூலே வரையறுத்திருந்தது. அந்தப் பணிக்கான தேர்வில் மூங்கில் வரைவதற்கே முதலிடம். அடுத்தது மலையும் நீரும். மனிதர்களும் விலங்குகளும் மூன்றாம் இடத்தில்தான். பூவும் புல்லும் கடைசி. அந்தக் காலத்து ஓவியர்களில் இன்று கொரியப் பள்ளிப் பிள்ளைகள்கூடப் பெயர் சொல்லும் இருவர், அந்த மூன்றாம் இடத்து மனிதர்களை வரைந்தே நிலைத்தார்கள் என்பது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. ஒருவர் 1745இல் பிறந்த கிம் ஹோங்டோ. மற்றவர் 1758இல் பிறந்த ஷின் யுன்போக். தொடரில் இவர்கள் ஆசிரியரும் மாணவரும்.

அரண்மனைக்கு வெளியே மக்கள் வாழ்வதைக் காண விரும்பிய மன்னரின் ஆசைக்காக, இருவரும் ஒரே பொருளைத் தனித்தனியே வரைகிறார்கள். பொருள், சாராயக்கடை. கிம் வரைந்தது கூரை வேய்ந்த எளிய கடை. கடைக்காரி அகப்பையால் மொண்டுகொண்டிருக்க, அவள் முதுகுக்குப் பின்னால் குழந்தையொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழிப்போக்கன் ஒருவன் கிண்ணத்தைச் சாய்த்துப் பிடித்து அடியில் கிடப்பதை வழித்துக்கொண்டிருக்கிறான். பசி தெரிகிற படம் அது. ஷின் வரைந்த கடையிலோ முற்றத்தில் பூத்த செடிகள் இருக்கின்றன. வந்தவர்கள் நல்ல உடையணிந்த, கையில் அதிகாரம் உள்ள ஆட்கள். குடிப்பதற்காக வந்தார்களா, நின்று பேசிப் பொழுதுபோக்க வந்தார்களா என்று சொல்ல முடியாது. இரண்டு படங்களும் மெய்யாகவே நமக்குக் கிடைத்திருப்பவை. கிடைத்த படங்களிலிருந்து பின்னோக்கி நடந்து, அவற்றை வரைந்த நாட்களைக் கற்பனை செய்வதே இத்தொடரின் உத்தி.

கிம் வரைந்த மல்யுத்தக் காட்சியை இங்கே சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். நோட்டுப் புத்தகத் தாள் அளவே உள்ள காகிதத்தில் 22 பேர் இருக்கிறார்கள். பின்னணியில் மரமோ வீடோ எதுவும் கிடையாது. நடுவில் இருவர் கட்டிப் புரள்கிறார்கள். பக்கத்தில் அவர்கள் கழற்றிப்போட்ட காலணிகள் கிடக்கின்றன. சுற்றிலும் அமர்ந்தவர்கள் வாய் பிளந்தும் உடல் வளைந்தும் பார்க்கிறார்கள். ஒரே ஒருவன் மட்டும் சண்டையைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கும் தட்டோடு நிற்கும் மிட்டாய்க்காரப் பையன், வாங்குவதற்கு ஆள் இருக்கிறதா என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான். கீழே வலப்பக்கத்தில், பதறிப் பின்னால் சாய்ந்து கையூன்றியிருக்கும் ஒருவரைக் கவனித்தால், அவருக்கு இடக்கையும் வலக்கையும் மாறிக் கிடக்கும். சித்திரமும் கைப்பழக்கம் என்கிறோம். கை பழகியவரே கையில் பிழை விட்டிருக்கிறார். தெரிந்தே செய்தாரா என்று கொரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

தொடரின் பெரிய துணிச்சல், ஷின் யுன்போக்கை ஆண் வேடமிட்ட பெண்ணாகக் காட்டியது. அந்தப் பாத்திரத்தில் நடித்த மூன் குன்யோங்குக்கு அந்த ஆண்டின் எஸ்பிஎஸ் பெருவிருது கிடைத்தது; தகுதியான விருதுதான். ஆனால் ஷின் பெண் என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. ஷின் வாழ்க்கையைப் பற்றி எழுத்தில் கிடைப்பது சில வரிகளே. ஆபாசமாக வரைந்ததால் ஓவியக் கூடத்திலிருந்து விரட்டப்பட்டார் என்பதும் வாய்வழிக் கதையே. அவருடைய புகழ்பெற்ற முப்பது ஓவியத் தொகுப்பில் பெரும்பாலும் பெண்களே முன்னால் நிற்பதால் இப்படியொரு கற்பனை பிறந்திருக்கிறது. பெண்ணைப் பெண்ணால்தான் இவ்வளவு நுணுக்கமாக வரைய முடியும் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அது அந்த ஓவியரின் கண்ணைக் குறைத்து மதிப்பிடுவதாகும். பிற்பாதியில் வரும் கொலை மர்மத்தையும் பாதியாகக் குறைத்திருக்கலாம்.

மன்னரின் உருவப்படம் வரையும் பகுதிகள் அப்படியல்ல. முகத்தை வரையும் தலைமை ஓவியர், அவருக்கு உடனிருப்பவர், வண்ணம் தீட்டத் துணைநிற்பவர் என்று அதற்குத் தனிப் படிநிலை இருந்தது. கிம் ஹோங்டோ 1773, 1781, 1791 ஆகிய மூன்று ஆண்டுகளில் அப்பணியில் பங்கேற்றார்; மூன்று முறையும் ஷின் யுன்போக்கின் தந்தை ஷின் ஹான்பியோங்கும் உடன் இருந்தார். கைம்மாறாகக் கிம்முக்குக் கிடைத்தது யோன்புங் என்னும் சிற்றூர்ப் பகுதியின் நிர்வாகப் பதவி. உயர்குடியில் பிறக்காத ஓவியருக்கு அதுவே பெரிய ஏற்றம். தொடரில் யுன்போக் மன்னர் படத்தைத் தம் கையாலேயே கிழித்தெறியும்போது அவையே உறைந்துபோகிறது. உண்மையில் ஜோசொன் மன்னர்களின் படங்களில் பெரும்பாலானவை, கொரியப் போர் காரணமாகப் பூசான் நகருக்குக் கொண்டுபோய் வைத்திருந்தபோது 1954இல் அங்கே மூண்ட தீயில் எரிந்துபோயின.

ஷின் யுன்போக்கின் முப்பது ஓவியங்கள் ஜப்பானுக்குப் போயிருந்தன. சோன் ஹியோங்பில் என்னும் செல்வந்தர் 1930களில் அவற்றை விலைகொடுத்து மீட்டார். சியோலில் அவர் 1938இல் எழுப்பிய கான்சோங் அருங்காட்சியகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. தொடர் ஓடிக்கொண்டிருந்த இலையுதிர் காலத்தில் அவற்றைக் காண மக்கள் தெருவில் நீண்ட வரிசையில் நின்றார்கள்.

அவற்றுள் ஒன்றில், நள்ளிரவில் சுவரோரம் ஓர் ஆணும் முக்காடிட்ட பெண்ணும் நிற்கிறார்கள். அவன் கையில் விளக்கு. மங்கிய நிலவில், மூன்றாம் சாமத்தில், இருவர் மனத்தில் இருப்பதை இருவரே அறிவர் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. மேலே உள்ள பிறையின் வளைவு மேல்நோக்கி இருக்கிறது. நள்ளிரவில் பிறை அப்படி நிற்காது; ஓவியர் தவறிவிட்டார் என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். 2011இல் கொரிய வானியலாளர் ஒருவர் கணக்கிட்டு, அது 1793 ஆகஸ்ட் 21ஆம் நாள் இரவு நிகழ்ந்த பகுதிச் சந்திர கிரகணமாக இருக்கலாம் என்றார். அப்படியானால் ஷின் அன்றிரவு விழித்திருந்து வானத்தைப் பார்த்திருக்கிறார்.