மாஸ்கோ அட்ரஸ்தான் காட்டிக்கொடுத்தது!

வணக்கம் மக்களே. இன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே சண்டைதான். போன வீடியோவில், சின்ன வயதில் படித்துப் பெயர் மறந்துபோன ஒரு புத்தகத்தைத் தேடுகிறேன், ஒரு பையன், ஒரு பந்து, ஒரு கார், அவ்வளவுதான் மண்டையில் மிச்சம் இருக்கிறது என்று சொன்னேன் இல்லையா? அதற்குக் கீழே பாதிப் பேர் வந்து ‘அம்புலிமாமா’ என்று ஒரே வார்த்தை போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஏங்க, தமிழ்க் குழந்தைகளுக்கென்று அது ஒன்றுதான் வந்ததா? 1947 ஜூலையில் ஆரம்பித்த பத்திரிகை அது. ஒரு பத்தாண்டா, இரண்டு பத்தாண்டா, எத்தனை பத்தாண்டு வந்தது! ‘அம்புலிமாமாவில் வந்தது’ என்று மட்டும் சொல்வது, ‘காட்பாடியில் ரயில் ஏறினார்’ என்று சொல்கிற மாதிரி. எந்த ரயில், எந்தப் பக்கம் போகிற ரயில், அதைச் சொல்லுங்கள்.

அதிலும் ஒருவர் வேதாளம், முருங்கை மரம், தோளில் பிணம், இது எந்த இதழ் என்று கேட்டிருக்கிறார். சார், விக்கிரமாதித்தன் வேதாளம் கதை மூலத்தில் 25 கதை. அம்புலிமாமாக்காரர்கள் அந்த 25 தீர்ந்த பிறகும் மாதாமாதம் வேதாளத்தை மரத்திலிருந்து இறக்கிக்கொண்டே இருந்தார்கள். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம், ராஜா கத்தியும் கையுமாகப் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போவாரே, அது மட்டும் நினைவிருந்தால் இதழைக் கண்டுபிடிக்கவே முடியாது. வேதாளம் கடைசியில் என்ன கேள்வி கேட்டது என்று நினைவிருக்கிறதா? அது இருந்தால் வாருங்கள், பார்க்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் வழக்கம்போலப் பேசுகிறேன், இல்லையென்றால் ஃபேன் சத்தம் கேட்கிறது என்று அதற்கும் ஒரு கமெண்ட் வரும். வேலூர் மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து பேசுகிறவனுக்கு லைக் போடாதவர்கள் போடாமலேயே இருங்கள்.

புத்தகம் கிடைத்துவிட்டது. ஆமாம், கிடைத்தேவிட்டது! பெயர் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’. எழுதியவர் அலெக்சாந்தர் ரஸ்கின், ரஷ்யக்காரர். அவர் பெண் சாஷாவுக்குச் சின்ன வயதில் அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும், அப்போதெல்லாம் அப்பா தன் சின்ன வயதுக் கதையைச் சொல்வார், அதுதான் புத்தகம். முதல் கதையே அந்தப் பந்துதான். பெரிய, அழகான பந்து ஒன்று கிடைக்கிறது, அந்தப் பையன் அதைக் கொண்டுபோய்க் காருக்கு அடியில் போட்டுவிடுகிறான். அவ்வளவு நாளும் ‘யாருடா இப்படிப் பண்ணுவான்’ என்று எனக்குக் கோபம் கோபமாக வரும். இதே புத்தகத்தில்தான் இன்னொரு கதையும்: பெரியவனானால் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டால் இரவுக் காவல்காரன் ஆவேன், ஐஸ்கிரீம் விற்பேன் என்று மாற்றி மாற்றிச் சொல்லி ஒரு கட்டத்தில் நாய் ஆகிவிடலாம் என்று முடிவு செய்வான். அந்த நாய்க் கதை எனக்கு நன்றாக நினைவிருந்தது, ஆனால் அது வேறு ஏதோ பத்திரிகைத் துணுக்கு என்று இத்தனை வருஷம் தனியாக வைத்திருந்தேன். இரண்டும் ஒரே அட்டைக்குள் இருந்திருக்கிறது பாருங்கள்.

எப்படிக் கிடைத்தது என்பதுதான் இந்த வீடியோ. கதையை வைத்து ஒரு சுக்கும் நடக்கவில்லை. பந்து, கார், பையன் என்று நீங்களும் தேடினீர்கள், நானும் தேடினேன், கிரிக்கெட் பந்து முதல் என்னென்னவோ வந்தது. போன வீடியோவின் கடைசியில், கேமராவை நிறுத்தப்போகிற நேரத்தில், போகிறபோக்கில் ஒன்று சொன்னேன்: அந்தப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு வெளிநாட்டு அட்ரஸ் இருக்கும், அதற்கு லெட்டர் போட ஆசைப்பட்டு நான் போஸ்ட் ஆபீஸில் போய் நின்றேன், கவுண்டரில் இருந்தவர் ‘தம்பி, முதலில் சித்தூருக்குப் போட்டுப் பழகு’ என்று அனுப்பிவிட்டார் என்று. அதைப் பிடித்துக்கொண்டார் ஆரணியிலிருந்து ஓர் அக்கா. ‘தம்பி, அது மாஸ்கோ அட்ரஸ். 17, ஸூபோவ்ஸ்கி புல்வார். எங்கள் வீட்டில் அந்த மாதிரிப் புத்தகம் ஒரு பெட்டி இருக்கிறது’ என்று எழுதினார். மறுநாள் காலையில் வாட்ஸ்அப்பில் அட்டைப் படம். நான் டீ குடித்துக்கொண்டிருந்தவன் டம்ளரை வைத்துவிட்டுக் கத்தியதில் எங்கள் அம்மா பாம்பு என்று நினைத்துத் துடைப்பத்தோடு வந்துவிட்டார்.

சோவியத் புத்தகங்களைப் படித்தவர்களுக்கு அந்தப் பதிப்பக அட்ரஸ் தெரியும். மொழிபெயர்ப்பு எப்படி, அமைப்பு எப்படி, உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று வாசகர்களைக் கேட்டு ஒரு குறிப்பு போட்டிருப்பார்கள். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா இவர்களெல்லாம் மாஸ்கோவிலேயே இருந்து தமிழில் மொழிபெயர்த்தவர்கள். அங்கேயே தமிழில் அச்சடித்து இங்கே கப்பலில் வரும், நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்காரர்கள் விற்பார்கள். அவர்கள் வேனில் புத்தகம் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக வருவார்கள், எங்கள் வீட்டில் கோட்டைப் பக்கம் நின்ற வேனில்தான் வாங்கியதாக அம்மா சொல்கிறார். கெட்டி அட்டை, வழவழ தாள், வண்ணப் படம், விலை மட்டும் ஒன்றுமேயில்லை. 1991இல் சோவியத் யூனியனே இல்லாமல் போன பிறகு அதுவும் நின்றது. அதனால்தான் நம் வயதுக்காரர்களுக்கு இது தெரிகிறது, நமக்குப் பத்து வருஷம் பின்னால் பிறந்தவர்களிடம் கேட்டால் முழிக்கிறார்கள்.

விலை என்றதும்தான் எரிகிறது. பெயர் தெரிந்தவுடன் ஆசையில் பழைய புத்தகம் விற்கிற ஒருவரிடம் கேட்டேன். பெயர் சொல்லமாட்டேன், ஊரும் சொல்லமாட்டேன், கமெண்டில் யூகித்து எழுதினால் அழித்துவிடுவேன். 1,450 ரூபாய் என்றார். நான் செட்டாக எத்தனை புத்தகம் என்று கேட்டேன். ஒன்றுதானாம். அதிலும் அட்டை பாதி இல்லை, நடுவில் ஒரு பக்கத்தில் யாரோ வீட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், பால் இவ்வளவு, மண்ணெண்ணெய் இவ்வளவு என்று. அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொன்னால், ‘அது பழமைக்கு அடையாளம் சார்’ என்கிறார்! மண்ணெண்ணெய்க் கணக்குக்கும் சேர்த்துக் காசு. சரி, 600க்குத் தருவீர்களா என்றேன். ‘உங்களுக்காக 1,400’ என்றார். ஐம்பது ரூபாய் குறைத்துவிட்டுக் கூரியர் 120 தனி என்றார். ஆக, பேரம் பேசியதில் எனக்கு எழுபது ரூபாய் ஏறியிருக்கிறது. அடுத்த நாள் நானே போன் பண்ணினேன், 1,600 ஆகிவிட்டதாம். ஏன் என்றால், ‘நிறையப் பேர் கேட்கிறாங்க சார்’. அந்த நிறையப் பேர் நான்தான்! முதல் நாள் நானும், இரண்டாம் நாள் நானும். வாங்கவில்லை. வாங்கவும் மாட்டேன். குழந்தைகள் கையில் கசங்கட்டும் என்று சல்லிசாக விற்ற புத்தகத்தை இப்படி நகைக்கடைக் கணக்கில் விற்கிறவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

ஆங், ஒன்று விட்டுவிட்டேன். ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர், அட்டையே இல்லாத ஒரு கதைப் புத்தகத்தைக் காட்டி இது எந்தக் காலத்துப் புத்தகம் என்று கேட்டிருந்தார். உள்ளே நூலக முத்திரை இருந்தது, ‘வட ஆற்காடு அம்பேத்கர்’ என்று. போதுமே! 1989இல்தான் பழைய வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலை தனியாகப் போனது, இந்தப் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. தொண்ணூறுகளின் பின்பாதியில் வேலூர் மாவட்டம் என்று ஆகிவிட்டது. ஆக அந்த முத்திரை குத்தியது நடுவில் உள்ள சில வருஷங்களுக்குள். வெறும் ‘வட ஆற்காடு’ என்றிருந்தால் அதற்கும் முந்தியது. இது முத்திரை குத்திய காலம்தான், புத்தகம் அச்சடித்த காலம் இன்னும் முன்னால் இருக்கலாம், அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஒரு ரிட்டயர்ட் நூலகர் கீழே வந்து என்னைப் பிழிந்துவிடுவார்.

இன்னும் சில கேள்விகள், வேகமாக. கரண்ட் ஷாக் அடித்தால் ஆள் மறைந்துவிடுவான், கை மட்டும் தெரியும், அது என்ன கதை என்று கேட்டவருக்கு: இரும்புக்கை மாயாவி. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவரை வைத்துத்தான். இதையெல்லாம் புதிர் என்று கேட்கக்கூடாது. தொப்பி கண்ணை மூடியிருக்கும் பயந்தாங்கொள்ளி வேட்டைக்காரர், அவர் வேட்டைக்கார வேம்பு, பூந்தளிரில் வந்தார், வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பத்திரிகை. பூந்தளிர் பற்றி நான் ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், தனி வீடியோ போடுகிறேன்.

நிஜமாகவே கஷ்டமான கேஸ் எங்கள் அத்தையுடையது. திருப்பத்தூரில் இருக்கிறாரே, இட்லிப்பொடி வீடியோவில் என்னைத் திட்டினாரே, அதே அத்தைதான். அவருக்கு ஒரு கதை: மாடியில் பூட்டிய அறை, மலை ரயிலில் வந்து இறங்குகிற பெண். பூட்டிய மாடி அறை இல்லாத தொடர்கதை தமிழில் எது அத்தை என்றேன், அதற்கும் திட்டு. ஆனால் அவர் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. அது புத்தகமே இல்லை. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்துக் காலிகோ துணி அட்டை போட்டு வாங்கியது. அந்தக் காலத்தில் படிக்கிற வீடு எல்லாவற்றிலும் இப்படிப் பைண்டு வால்யூம் இருக்கும். நாம் ‘புத்தகம், புத்தகம்’ என்று தேடிக்கொண்டிருப்பதில் நிறைய, கடைக்குப் புத்தகமாக வரவே இல்லாமல் இருக்கலாம். தலைப்புப் பக்கம் கிடையாது. பைண்டர் ஓரத்தைச் சமமாக வெட்டும்போது பத்திரிகைப் பெயரும் தேதியும் இருந்த வரி போய்விடும். சிலர் தொடர்கதையின் முதல் வாரத்தையே தவறவிட்டிருப்பார்கள், அப்போது கதைப் பெயர்கூட அலங்காரமாக இருக்காது. எழுதியவர் யார் என்று அத்தை ஒரு பெயர் சொல்கிறார், அம்மா வேறொரு பெயர் சொல்கிறார், இரண்டு பேரும் மூன்று நாளாகப் பேசிக்கொள்வதில்லை.

ஆனால் கிழித்த தாளுக்குப் பின்பக்கம் என்று ஒன்று உண்டு அல்லவா? கதை முடிகிற இடத்துக்குப் பின்னால் சினிமா விளம்பரம், சோப்பு விளம்பரம், ராசிபலன், ஏதாவது வந்திருக்கும். ‘இந்த வாரம் முதல்’ என்று ஒரு படத்தின் பெயர் இருந்தால் வருஷம், மாதம் எல்லாம் வந்துவிடும், பிறகு சென்னையில் கன்னிமாரா நூலகத்திலோ ரோஜா முத்தையா நூலகத்திலோ அந்த மாதத்துப் பத்திரிகையைக் கேட்டுப் பார்த்தால் போதும். அதனால் பைண்டு வால்யூம் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து எனக்குக் கதைப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள், பின்பக்கத்தை அனுப்புங்கள். பிரஷர் குக்கர் விளம்பரமாக இருந்தாலும் பரவாயில்லை. மலை ரயில், மாடி அறை என்று யாராவது வீட்டில் இருந்தால் அதை மட்டும் இரண்டு பக்கமும் எடுங்கள்.

அப்புறம் ஆரணி அக்காவிடம் அந்தப் புத்தகத்தை விலைக்குக் கேட்டேன். ‘விற்கிறதாக இல்லை, வேண்டுமானால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படி, பெட்டி முழுக்கப் பார்’ என்றுவிட்டார். அதனால் சனிக்கிழமை கண்ணமங்கலம் வழியாக ஆரணி பஸ். புத்தகப் பெட்டியை மட்டும்தான் படம் எடுப்பேன், போனதோடு போனதாகப் பட்டுப் புடவைக் கடை வீடியோ போடுங்கள் என்று யாரும் கேட்கக்கூடாது, சொல்லிவிட்டேன்.