கொடியேறும் ஊர்களுக்கு வாருங்கள்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

ஆகஸ்ட் 29 மாலை வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள் வரை திருவிழா. காவி உடுத்தி, சென்னையிலிருந்தெல்லாம் நடந்தே வருகிறவர்களில் இந்துக்களும் நிறையப் பேர். மொட்டை போடுகிற இடத்தில் யாரும் யாருடைய மதத்தையும் விசாரிப்பதில்லை. தமிழ், மலையாளம், தெலுங்கு, கொங்கணி என்று பல மொழிகளில் திருப்பலி, அதாவது பூசை, நடக்கும்.

அதே மாவட்டத்தில், நாகப்பட்டினத்துக்கு வடக்கே நாகூர். அங்கே ஷாகுல் ஹமீது வலியுல்லா என்ற இறைநேசர் அடங்கியிருக்கும் தர்கா. இஸ்லாமிய மாதமான ஜமாதுல் ஆகிரில் அவர் நினைவாக 14 நாள் கந்தூரி விழா. பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னே நகரும். தேதியைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கந்தூரியில் என் மனதைத் தொடுவது, தர்காவில் பூசும் சந்தனத்தை அலங்காரக் கூட்டில் வைத்துக் கொண்டுவரும் சந்தனக்கூடு ஊர்வலம்தான். அது எங்கிருந்து புறப்படுகிறது தெரியுமா? நாகப்பட்டினம் அபிராமி அம்மன் திருவாசலிலிருந்து. இரவெல்லாம் தாரை தப்பட்டையோடு ஊர்ந்து, விடியற்காலையில் நாகூர் சேரும். வழிநெடுக, வீட்டுத் திண்ணைகளிலும் மொட்டை மாடிகளிலும் ஊரே விழித்திருக்கும். தர்காவின் ஐந்து மினாராக் கோபுரங்களில் உயரமானது, 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டித் தந்தது. அவர் இந்து. ஷாகுல் ஹமீது வலியுல்லாவை இந்துக்களும் 'நாகூர் ஆண்டவர்' என்றே கும்பிடுகிறார்கள்.

மத நல்லிணக்கம் என்றால் மேடையில் மூன்று மதத் தலைவர்கள் கைகோத்து நிற்பது என்று பழகிவிட்டோம். அதுவும் வேண்டியதுதான். ஆனால் எனக்கு நம்பிக்கை தருவது இந்தக் கூட்டங்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

"நாம் போனால் ஏதாவது சொல்வார்களோ?" என்ற தயக்கம் வேண்டாம். செருப்பை வெளியே விடுங்கள். தர்காவில் தலையை மூடிக்கொள்ளுங்கள், கைக்குட்டை போதும். திருப்பலியின்போது பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். திருப்பலியில் குருவானவர் வழங்கும் அப்பமான நற்கருணை மட்டும் கத்தோலிக்கர்களுக்கு உரியது. அந்த வரிசையில் போய் நிற்க வேண்டாம். தொழுகிறவர்களுக்குக் குறுக்கே நடக்காதீர்கள். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம் என்ன, தெரியாததை அங்கே இருப்பவரிடம் கேட்டால் பொறுமையாகச் சொல்வார்.

நாகூர், வேளாங்கண்ணி இரண்டுக்கும் ரயில் உண்டு. செப்டம்பர் 7, 8 தேதிகளில் வேளாங்கண்ணியில் தங்க அறை கிடைப்பது கடினம். நாகப்பட்டினத்தில் தங்கிக்கொண்டு, காலையிலேயே பேருந்து பிடித்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.