ஒரு மணி நேரத்தை விழுங்கிய போனும் எட்டாம் நாள் மானும்

வணக்கம் மக்களே! நேற்று ராத்திரிதான் மான் வேட்டை முடிந்து சாண்ட்ஹில்ஸிலிருந்து, அதாவது அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துப் புல் மூடிய மணல் மேடுகளிலிருந்து, வந்து சேர்ந்தேன். குரல் கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இதை இன்றே சொல்லியாக வேண்டும். கிடைத்துவிட்டது! எட்டாம் நாள், சனிக்கிழமை, அருமையான ஆண் மியூல் மான், பெரிய காது உள்ள மான் வகை.

நெப்ராஸ்காவில் ரைபிள் சீசன், அதாவது துப்பாக்கியால் மான் வேட்டையாடும் காலம், நவம்பர் நடுவில் 9 நாள்தான். இந்த முறை நான் வழிகாட்டியாகக் கூட்டிப்போனவர் முதல் நாளே 400 கஜத்தில் சுடட்டுமா என்று கேட்டார். என் பழைய வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு என் பதில் தெரியும்: வேண்டாம், கிட்டே போவோம். மணிக்கு 10 மைல் வேகப் பக்கக் காற்றே 300 கஜத்தில் குண்டை அரை அடி தள்ளிவிடும். அங்கே 20 மைல் காற்று சாதாரணம். காயம்பட்ட மானைப் புல்வெளியில் இருட்டும் வரை தேடுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காத வேலை. மேடும் பள்ளமுமான நிலம் அது, மறைந்து மறைந்து கிட்டே போகலாமே!

சரி, ஐந்தாம் நாள் கதைக்கு வருகிறேன். அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான். தெட்ஃபோர்டு ஒரு நேர மண்டலம், மேற்கே சுமார் 25 மைலில் இருக்கும் மல்லன் இன்னொன்று, ஒரு மணி நேரம் பின்னால். நாங்கள் தங்கிய பண்ணை வீடு எல்லையை ஒட்டி இருந்தது. ராத்திரி போன் தானாகவே அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டது. நாலரைக்கு அலாரம் வைத்தேன், அடித்தபோது எங்கள் கணக்கில் ஐந்தரை! சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாலிருந்தே சுடலாம், அந்த நேரத்துக்குள் மேட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாங்கள் அப்போதுதான் வேலிக் கதவைத் திறந்துகொண்டிருந்தோம். ஒரு விடியல் முழுசாகப் போயிற்று. மதியமே கடைக்குப் போய் 18 டாலரில் ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். இதோ, பாருங்கள். முள் கடிகாரம், எந்த டவரையும் பிடிக்காது. இந்த வருடம் நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் இதுதான்.

எட்டாம் நாள் வடமேற்குக் காற்று. காற்று புல்லைப் பிய்த்து மணலைக் குடைந்த ஒரு பள்ளத்தின் ஓரத்தில் மான் படுத்திருந்தது, பைனாகுலரில் காது மட்டும் தெரிந்தது. மேட்டுக்குப் பின்னாலிருந்து வருவதை அது காற்றில் மோப்பம் பிடிக்கும், கீழே இருப்பதைக் கண்ணால் பார்க்கும். அதனால் பக்கவாட்டில்தான் போக வேண்டும். ஒரு மணி நேரம் சுற்றி நடந்தோம், கடைசியில் தவழ்ந்தோம். உள்ளங்கை முழுக்க முள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், வண்டியை ரோட்டிலேயே விட்டிருந்தோம். அங்கே புல்லுக்கு அடியில் எல்லாம் மணல். டயர் வேரை அறுத்தால் காற்று மிச்சத்தைக் குடைந்துவிடும். நிலம் தனியாருடையது, அனுமதி கொடுத்தவருக்கு அந்தப் புல்தான் சோறு.

140 கஜத்தில் இருக்கும்போது மான் எழுந்து நான்கு காலும் ஒன்றாகத் துள்ளி ஓடியது. என்னுடன் வந்தவர் பதறினார். "பொறுங்கள், நின்று திரும்பிப் பார்க்கும்" என்றேன். மியூல் மானின் பழக்கம் அது. எனக்கு ஒரே பயம், மேட்டு உச்சியில் போய் நின்றுவிடக் கூடாது. அங்கே நின்றால் சுட விடமாட்டேன், பின்னால் குண்டைத் தாங்க மண் இல்லை, வானம்தான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, சரிவில் நின்றது. 180 கஜம். ஒரே குண்டு, விழுந்துவிட்டது.

அவர் அழுதுவிட்டார். எனக்கும் தொண்டை அடைத்தது.

அப்புறம் அங்கேயே குடல் எடுத்து, பிளாஸ்டிக் ஸ்லெட்டில் (இழுத்துப் போகும் சறுக்குத் தட்டு) கட்டி இரண்டு பேரும் ரோடு வரை இழுத்தோம். புதுக் கடிகாரத்தில் பார்த்தேன், 2 மணி நேரம் 10 நிமிடம் ஆகியிருந்தது.