டீசல் வண்டி பழசா, புதுசா? ஒரு செப்பு வாஷரும் நாலு சோடா பாட்டிலும்

வணக்கம் மக்களே. முதலில் ஒரு மன்னிப்பு. போன வீடியோவில் ஜீப்பை விற்றுவிட்டுப் புது டீசல் வண்டி எடுக்கப் போகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன் அல்லவா, அந்த நெஞ்சு இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது. காரணம் எங்கள் மாப்பிள்ளை. சித்தி மகள் தங்கச்சியைக் கட்டியவர். பேரையூர்த் தோப்பு வீடியோவில் ஒரே வெட்டில் இளநீர் சீவிக் கொடுப்பாரே, அவர்தான்.

அவர் போன வருஷம் எடுத்தது பிஎஸ்6, அதாவது புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல், நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல். எந்தக் கம்பெனி என்று கேட்டு கமெண்ட் போடாதீர்கள், சொல்ல மாட்டேன். இன்று ஷோரூமில் நிற்கிற எந்த டீசல் வண்டியை எடுத்தாலும் இதே கதைதான். வீட்டிலிருந்து தோப்புக்கு ஆறு கிலோமீட்டர், பாதி மண் பாதை, மீதி கண்மாய்க் கரை. இரண்டாவது கியரைத் தாண்ட வழியே இல்லை. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, இப்படியே எட்டு மாதம் ஓட்டியிருக்கிறார். போன சனிக்கிழமை மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்ததும் எனக்கு போன். “மச்சான், சைலன்சர்ல கரி அடைச்சிருச்சாம். அரைமணி நேரம் வேகமா ஓட்டுனா சரியாயிருமாம். சும்மாதான இருக்கீங்க, வர்றீங்களா?”

சும்மா இருக்கிறேனாம். எடிட்டிங் என்று ஒன்று இருப்பது இந்த ஆளுக்குத் தெரியாது. இருந்தாலும் போனேன்.

விஷயம் இதுதான். பிஎஸ்6 டீசலில் புகை வெளியே போகிற வழியில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. தேன்கூடு மாதிரி பீங்கான். புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் அந்தக் கரியைத் தானே எரித்துக்கொள்ள வேண்டும், அதற்கு வடிகட்டிக்குள் கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேண்டும். கண்மாய்க் கரையில் தவழ்ந்து போகிற வண்டிக்கு அந்தச் சூடு எப்படி வரும்? எரிக்க ஆரம்பிக்கும்போது நம்மாள் தோப்பு வந்துவிட்டது என்று சாவியைத் திருப்பிவிடுவார். அடுத்த நாளும் அப்படியே.

ஆக, கரியை எரிப்பதற்காக நாங்கள் இரண்டு பேரும் திருமங்கலம் வந்து, நாலுவழிச் சாலையில் ஏறி, எஞ்சின் சுற்றும் வேகத்தை, அதாவது ஆர்பிஎம்மை, இரண்டாயிரத்துக்குக் கீழே விடாமல் தெற்கே போனோம். கள்ளிக்குடி தாண்டி விளக்கு அணைந்துவிட்டது. அங்கேயே திரும்பியிருக்கலாம். ஆனால் விருதுநகர் போர்டைப் பார்த்த பிறகு எண்ணெய் பரோட்டா சாப்பிடாமல் திரும்ப நாங்கள் என்ன சாமியாரா? ஆளுக்கு நாலு பரோட்டா, ஒரு சுக்கா, போகவர டீசல். எல்லாம் ஒரு வடிகட்டியைச் சுத்தம் செய்ய. பில்லை மாப்பிள்ளைதான் கொடுத்தார், அது வேறு விஷயம்.

ஆ, ஒன்றை விட்டுவிட்டேன், முக்கியமானது. திரும்பி வந்து எஞ்சின் ஆறியதும் ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். மேல் கோட்டுக்கும் ஒரு விரக்கடை மேலே நிற்கிறது ஆயில். மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம், “பாத்தீங்களா மச்சான், ஒரு சொட்டுக்கூடக் குறையல”. குறையவில்லை மாப்பிள்ளை, கூடியிருக்கிறது, அதுதான் பயமே. வடிகட்டியைச் சூடாக்கக் கொஞ்சம் கூடுதல் டீசலைப் பிந்திப் பீய்ச்சும் இந்த எஞ்சின். வேலை முடிவதற்குள் அணைத்து அணைத்து விட்டால் அந்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்தேன், தண்ணியாக இருக்கிறது, முகர்ந்தால் டீசல் வாடை. ஆயிலை மாற்றச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இதைப் போட்டோ எடுத்துப் போட்டதும் ஒரே ஆரவாரம். “அண்ணே பழசுதான் கெத்து”, “புதுசு எல்லாம் டப்பா”. கொஞ்சம் பொறுங்கள் தம்பிகளா. அதே வாரம் என் கெத்து என்னை என்ன செய்தது என்று கேளுங்கள்.

என் ஜீப் உங்களுக்குத் தெரியும், 1994 மஹிந்திரா எம்எம் 540, 2,112 சிசி பெஜோ எஞ்சின், ஹீட்டர் பிளக் போட்டு இருபது எண்ணினால்தான் எழுந்திருப்பார். செவ்வாய்க்கிழமை டீசல் பில்டரை நானே மாற்றினேன். வீடியோகூட எடுத்தேன், இனி அதைப் போட மாட்டேன். பில்டருக்கு மேலே டீசல் குழாயைப் பிடிக்கிற போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் செப்பு வாஷர் வரும். புது வாஷர் வாங்கவில்லை. சோம்பேறித்தனம். பழசையே திருப்பிப் போட்டு முடுக்கிவிட்டேன்.

மறுநாள் தோப்பில் தேங்காய் ஏற்றிக்கொண்டு கண்மாய்க் கரையில் வருகிறேன். இரண்டு நிமிஷம் ஓடியது, இருமியது, நின்றுவிட்டது. ஏர் எடுத்துவிட்டது, அதாவது டீசல் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. இறங்கி பானெட்டைத் தூக்கி, ஏர் திருகைத் தளர்த்தி, கைப்பம்பைக் கட்டைவிரலால் அமுக்கு அமுக்கென்று அமுக்கினால் சோடா மாதிரி நுரை வருகிறது. நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் திருகை மூடி ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது. இன்னொரு இருநூறு மீட்டர். மறுபடியும் நின்றது. பதினோரு தடவை மக்களே. எண்ணினேன். கட்டைவிரல் இன்னும் வீங்கியிருக்கிறது, பாருங்கள், கேமராவில் தெரிகிறதா? ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார், நான் அவரைத் தாண்டினேன், அவர் மறுபடியும் என்னைத் தாண்டினார். கடைசியில் “தம்பி, தேங்காய இறக்கித் தலையில வச்சுக்கிட்டு நடந்திருந்தா இந்நேரம் வீடு போயிருக்கலாம்” என்றார்.

வாஷர் விலை எட்டு ரூபாய். அந்த அளவு பேரையூரில் கிடைக்கவில்லை. டீ.கல்லுப்பட்டியில் கிடைக்கவில்லை. மதுரைக்கு பஸ் பிடித்துப் போனேன், அந்த பஸ் காசுக்கு ஒரு டப்பா வாஷரே வாங்கியிருக்கலாம். கடைக்காரர் “நாலா எடுத்துக்கங்கண்ணே” என்று கொடுத்தார். பத்து எடுத்தேன். அப்புறம்தான் நம்ம மெக்கானிக் மேஸ்திரி சிரித்துக்கொண்டே சொன்னார், பழைய செப்பு வாஷரை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடியும் மெத்தென்று ஆகிவிடுமாம், ஒருமுறை நசுங்கி இறுகினது அப்படியே போட்டால்தான் ஏர் எடுக்குமாம். வீட்டு கேஸ் அடுப்பில் இடுக்கியில் பிடித்துச் செய்து பார்த்தேன். வேலை செய்கிறது! வீட்டம்மாதான் இரண்டு நாளாகப் பேசவில்லை, பால் காய்ச்சுகிற பர்னரில் செய்தேனாம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். எட்டு ரூபாய் சாமானால் நின்ற வண்டியை, காட்டில் நின்றுகொண்டு, ஒரு ஸ்பானரும் கட்டைவிரலும் வைத்து வீடு கொண்டு வந்து சேர்த்தேன். ஓடுகிற பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினுக்கு பேட்டரி செத்தாலும் கவலை இல்லை, அணைக்கவே ஒரு கம்பியை இழுத்து டீசலை நிறுத்த வேண்டும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற ஜீப்புகள் ஏன் இன்னும் பழசாகவே இருக்கின்றன? புதுசு நின்றால் கோளாறைப் பார்க்க லேப்டாப் வேண்டும், அந்தக் கல்லுப் பாதையில் லேப்டாப்போடு யார் வருவார்?

புதுசின் பெருமையையும் சொல்லாமல் விட்டால் பாவம். என் எஞ்சினில் டீசல் முதலில் தலையில் இருக்கிற ஒரு சின்ன அறையில் பற்றி, அப்புறம்தான் சிலிண்டருக்குள் வரும். சூட்டில் ஒரு பங்கு அந்த அறையின் சுவரிலேயே போய்விடும், அதனால் மைலேஜும் இல்லை, இழுவையும் இல்லை. புதுசில் காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாய். அதில் 1,600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் டீசல் தயாராக நிற்கும், கம்ப்யூட்டர் சொன்ன நொடியில் இன்ஜெக்டர் திறந்து பனி மாதிரி தூவும். அதுவும் ஒரே அடியாக இல்லை, பிரித்துப் பிரித்து. சத்தம் குறைவது அதனால்தான். 2020-ல் வந்த மஹிந்திரா தார் டீசல் 300 நியூட்டன் மீட்டர் இழுக்கும், என் ஜீப்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சிறுமலை ஏறும்போது பின்னால் வருகிற பஸ் எனக்கு ஹாரன் அடிப்பதை நீங்களே வீடியோவில் கேட்டிருப்பீர்கள். பதினெட்டுக் கொண்டை ஊசி, பதினெட்டு ஹாரன்.

செலவும் உண்டு. 15 வருஷம் முடிந்த சொந்த வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாய், 2022 ஏப்ரலிலிருந்து 5,000, போன ஆகஸ்ட், இல்லை இல்லை, 2025 ஆகஸ்டிலிருந்து, 20 வருஷம் தாண்டிய காருக்கு 10,000. பசுமை வரி தனி. டெல்லியில் கொண்டுவந்த மாதிரி பத்து வருஷ டீசல் தடை நம்மூரில் இல்லை, அந்த மட்டும் நிம்மதி.

“டிபிஎஃப்பைக் கழற்றிக் கடாசிட்டு மேப் மாத்திருங்க” என்று, அதாவது வடிகட்டியைத் தூக்கிவிட்டு எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றச் சொல்லி எழுதியிருக்கிற அறிவாளிகளுக்கு: மாட்டேன், மாப்பிள்ளையையும் விட மாட்டேன். சட்டப்படியும் தப்பு. கோரிப்பாளையம் சிக்னலில் என் ஜீப்புக்குப் பின்னால் ஸ்கூட்டியில் நிற்கிற அம்மா முந்தானையால் பிள்ளை மூக்கை மூடுவதைக் கண்ணாடியில் பார்க்கிறவன் நான். என் மகளே வீசிங் பிள்ளை. பழசுக்குப் புகை அதன் பிறவிக் குணம், புதுசை வாங்கி வேண்டுமென்றே புகைய விடுவது என்ன புத்தி?

அதனால் என் முடிவு: தினமும் ஹைவேயில் ஓடுகிற ஆள் புதுசை எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். தோப்பு, கண்மாய், மாதம் ஒருமுறை மலை என்று என்னை மாதிரி ஓட்டுகிறவருக்கு நடுவில் ஒரு தலைமுறை இருக்கிறது. 2010-லிருந்து 2020 வரை வந்த பழைய தார் சிஆர்டிஇ. 2.5 லிட்டர், 105 குதிரை, 247 நியூட்டன் மீட்டர். காமன் ரெயில் உண்டு, டிபிஎஃப் கிடையாது. ஏசி குளிராது, பின் சீட்டில் உட்கார்ந்தால் முதுகெலும்பு எண்ணலாம், அதெல்லாம் தெரியும்.

2016 மாடல் ஒன்று மேலூர் பக்கம் கிடைத்தது. ஓனர் சொன்ன விலை ஏழரை லட்சம். வீட்டில் வந்து சொன்னேன், அம்மா கையில் இருந்த அரிவாள்மனையை வைத்துவிட்டு, “ஏழரையக் காசு குடுத்து வேற வாங்கப் போறியா?” என்றார். அதற்கு மேல் அந்த விலைக்கு நான் எப்படி வாங்குவேன்?

இந்த வகை வண்டியில் பயமே இன்ஜெக்டர்தான், தண்ணீர் கலந்த டீசல் ஒரு டேங்க் போதும், நாலும் போய்விடும். அதனால் டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை பார்க்கிற தெரிந்த கடைக்கு வண்டியை வரச் சொன்னேன். அந்த அண்ணன் ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்புகிற குழாயைக் கழற்றி, தனித்தனி டியூப் மாட்டி, நாலு பாட்டிலில் விட வேண்டும் என்றார். ஒரே அளவு பாட்டில் வேண்டும். பக்கத்துப் பெட்டிக்கடையில் நாலு பன்னீர் சோடா வாங்கி, நானும் அவரும் ஓனரும் கடைப் பையனும் மடமடவென்று குடித்து முடித்தோம். எஞ்சினை ஓட விட்டோம். மூன்று பாட்டிலில் டீசல் அடியில் ஒரு விரல் உயரம். மூன்றாவது சிலிண்டர் பாட்டிலில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. உள்ளே தேய்ந்த இன்ஜெக்டர் அப்படித்தான் டீசலைத் திருப்பி விடுமாம். யாரும் பேசவில்லை. ஓனர் பாட்டிலைப் பார்க்கிறார், நான் ஓனரைப் பார்க்கிறேன்.

ஆறு எண்பதுக்கு முடிந்தது. முதலில் ஆறு எண்பத்தைந்து என்றார், அந்த ஐயாயிரத்துக்காக இரண்டு டீ குடித்தோம். அட்வான்ஸ் பத்தாயிரம் கொடுத்துவிட்டேன்.

ஜீப்பைக் கேட்டு மெசேஜ் அனுப்பியவர்கள் மன்னிக்கவும், அது தோப்பிலேயே நிற்கட்டும், பத்து வாஷரில் இன்னும் எட்டு மிச்சம் இருக்கிறது. இப்போது என் பிரச்சினை அந்த நாலு சோடா பாட்டில். டெபாசிட் காசு கடையில் நிற்கிறது, சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியும் டீசல் வாடை போகவில்லை. யாருக்காவது வழி தெரிந்தால் கீழே எழுதுங்கள்.